ஐம்பத்தொரு தட்டும் ஒரு கரகரப்பும்

எங்கள் குழுத் தலைவரின் கீபோர்டில் நூற்று இருபத்தெட்டு வாத்தியங்கள் இருந்தன. அதன் முதுகில் ஒட்டியிருந்த பட்டியலை ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இருபத்தைந்து நைலான் கம்பி கிட்டார். இருபத்தாறு இரும்புக் கம்பி கிட்டார். நான் வாசிப்பது இரும்புக் கம்பி. அந்தப் பெட்டியின் கணக்குப்படி நான் இருபத்தாறாவது ஆள். என்னை மேடையிலிருந்து இறக்க அவருக்கு ஒரு விரல் போதும். இதை அவர் ஒரு முறைகூட என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று எழுத ஆசைதான். நான்கு முறை சொன்னார்.

மரக்காணம் உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவன் நான். லாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், மடியில் ஒரு நோட்டு. நான்கு மூட்டைக்கு நான்கு கோடு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு. பி.யு.சி. படித்தவனுக்கு உப்பளம் கொடுத்த உத்தியோகம் அது. ஊரில் எனக்குப் பெயர் 'ரைட்டர்'. ஓய்வு பெற்றபோது நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எண்ணும் பழக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

சென்னையில் படித்த காலத்தில் தொற்றிக்கொண்ட கிட்டார்தான் ஓய்வுக்குப் பிறகு கைகொடுத்தது. கீபோர்டு, தாளத்துக்கு ரிதம் பேடு, ஆண் பாடகர், பெண் பாடகர், நான் என்று ஐந்து பேர் கொண்ட குழு. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். மேடையின் இடது ஓரத்தில் கை வைக்காத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்னுடையது. அதையும் இழந்துவிட்டால் எண்ணுவதற்கு எனக்கு வீட்டில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: என் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை பெருமூச்சு விடுகிறாள் என்பது. சாதாரண நாளில் பதினாறு. நான் வீட்டிலேயே இருக்கும் நாளில் முப்பதைத் தாண்டும்.

இனி அந்தக் குமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் குழந்தையின் காதில் துளை போடுவது ஐந்து நிமிட வேலை. மீதி நேரமெல்லாம் தட்டு வரிசை. உறவினர்கள் கூட்டம் கூட்டமாக வாசலிலிருந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழம், தேங்காய், துணி, பாத்திரம், பளபளக்கும் கண்ணாடிக் காகிதம் சுற்றிய பொம்மைகள். ஒவ்வொரு கூட்டம் நுழையும்போதும் மைக்கில் அறிவிப்பு உண்டு. இன்னார் குடும்பத்தின் சார்பாக இத்தனை தட்டு. அறிவிப்பு நடக்கும்போது பாட்டு உரக்கக் கேட்கக் கூடாது. நிற்கவும் கூடாது. ஒரு தடவை நிறுத்திவிட்டோம். "மியூசிக் இல்லாம பேர மட்டும் சொன்னா சாவு சேதி சொல்ற மாதிரி இருக்குது" என்று ஒரு குடும்பமே சண்டைக்கு வந்துவிட்டது.

ஆகவே பெயர் வரும்போது நாங்கள் ஆளாளுக்குச் சத்தத்தைக் குறைப்போம். தட்டு எண்ணிக்கை வந்ததும் ஏற்றுவோம். என் கிட்டாரின் உள்ளே ஒட்டிய, கம்பியின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்புக்கு, கிட்டாரின் தோளில் ஒரு குமிழ் பொருத்தியிருந்தேன். வால்யூம் கண்ட்ரோல். ஒரு விசேஷத்துக்குச் சராசரியாக நாற்பத்திரண்டு அறிவிப்பு. ஒன்றுக்கு இரண்டு திருகல். வருடத்துக்குப் பதினெட்டு விசேஷம் வீதம் ஆறு வருடம். ஒன்பதாயிரத்து எழுபத்திரண்டு திருகல். அந்தக் குமிழை எந்த நாட்டில் செய்தார்களோ தெரியாது. எங்கள் ஊர் உறவுமுறையை எண்ணிப் பார்த்து அவர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள்.

2005 ஆவணியில் அது பேச ஆரம்பித்தது. குறைக்கும்போது ஒரு 'கர்', ஏற்றும்போது ஒரு 'கர்ர்'. முதலில் எனக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு தலைவருக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டால் பக்கத்துக் குப்பம்வரை கேட்கும். ஸ்பீக்கர் வாடகைக்கு விடுபவர் அவர்தான்.

அந்த மாதக் காதுகுத்து ஒன்றில் ஓர் உப்பள முதலாளி வந்தார். எந்த விசேஷமானாலும் இவருக்கு ஐம்பத்தொரு தட்டு. ஐம்பது வைத்தால் அற்பம், நூற்றொன்று வைத்தால் செலவு என்று கண்டுபிடித்து வைத்திருந்தார் போலும். தட்டுகள் வாசலில் நுழைந்தன. நான் எண்ண ஆரம்பித்தேன். எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி, வேண்டுமென்று செய்வதில்லை. நாற்பத்தேழு. அதில் ஐந்து தட்டில் தலைக்கு ஒரு தேங்காய்தான். திரும்ப எண்ணினேன். நாற்பத்தேழே.

மைக்கில் "...சார்பாக ஐம்பத்தொரு தட்டு!" என்று சொன்னார்கள். நான் சத்தத்தை ஏற்ற வேண்டிய இடம். கை குமிழில் இருந்தது, கண் நாற்பத்தேழாவது தட்டில் இருந்தது. அதனால் வழக்கத்தைவிட மெதுவாகத் திருகிவிட்டேன். ஸ்பீக்கர் நான்கிலும் நீளமாக ஒரு "கர்ர்ர்ர்ர்" வந்தது. தொண்டையைச் செருமி 'அப்படியா?' என்று ஒருவர் கேட்பதுபோல இருந்தது அது.

முதல் வரிசையில் ஒரு கிழவி சிரித்தாள். "ரைட்டரு எண்ணிட்டாருடி" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். அவ்வளவுதான். மண்டபமே திரும்பித் தட்டுகளை எண்ண ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டுப் பந்தியில் உப்பள முதலாளி தலைவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு இலை தள்ளி நின்றுதான் பேசினார். நான் கேட்க வேண்டும் என்பதற்காக.

"இன்னாபா உன் ஆளு? என் பேரு சொன்னா காறித் துப்புற மாதிரி சவுண்டு வுடறான்?"

"அய்யோ, அது வால்யூம் கண்ட்ரோல் அண்ணே. கெட்டுப்போச்சு."

"எல்லாருக்கும் கெடாம எனக்கு மட்டும் கெடுதா?"

எல்லோருக்கும்தான் கெட்டது. அதற்கு முன் முப்பத்தெட்டு பேருக்குக் கரகரத்திருந்தது. அதை எடுத்துச் சொல்லலாம் என்று எழுந்தேன். தலைவர் கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார்.

வேனில் திரும்பும்போது தலைவர் முதல் தடவையாகச் சொன்னார். "ரைட்டரே, தையில இருந்து சீசன். அதுக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா இருக்கவே இருக்குது, இருபத்தாறு."

தைக்கு நாலரை மாதம் இருந்தது. படித்தவன் ஒரு கோளாறை அணுக வேண்டிய முறைப்படி அணுகினேன். அதாவது கோளாறு இல்லாத இடங்களையெல்லாம் முதலில் சரி செய்தேன். ஒயரை மாற்றினேன். பாட்டரியை மாற்றினேன். ஒயரின் மறு முனையை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வீட்டில் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டிக் குமிழைத் திருகிப் பார்ப்பேன். கர்ர். நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புப் பாத்தியெல்லாம் ஏரியாகிக் கிடந்தது. சுவரில் கை வைத்தால் உப்புப் பூத்து ஒட்டியது. கரகரப்பும் பூத்தது.

"ஏங்க, அந்த மரப்பொட்டி கரகரங்குது, நீங்க கரகரங்குறீங்க. எது எதுன்னே தெரியல" என்றாள் மனைவி.

"வால்யூம் கண்ட்ரோல்."

"உங்களுக்கா?"

பெருமூச்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்ததும் எனக்கு ஞானம் பிறந்தது. உப்பளத்துக்காரனுக்கு இரும்பு சம்பந்தப்பட்ட எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து எண்ணெய். பூட்டு இறுகினால் எண்ணெய். கீல் கத்தினால் எண்ணெய். சைக்கிள் செயின், கிணற்று உருளை, தராசு முள், உப்பில் வெடித்த குதிகால், எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். முப்பத்தொரு வருடம் இதைக் கண்ணால் பார்த்தவன். குமிழும் ஓர் இரும்பு, கத்துகிறது, ஆகவே எண்ணெய். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. குமிழைக் கழற்றினேன். தண்டு உள்ளே போகும் இடத்தில் மூன்று சொட்டு விட்டேன். நாலாவதும் விட்டேன், நன்றாக இருக்கட்டுமே என்று.

திருகினேன். நிசப்தம். மறுபடி திருகினேன். சத்தம் பட்டுப்போல ஏறியது, பட்டுப்போல இறங்கியது. கரகரப்பு மாயமாகிவிட்டது. இருபது முறை சோதித்து, நோட்டில் 'குணமாகிவிட்டது' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். மனைவியைக் கூப்பிட்டுத் திருகிக் காட்டினேன்.

"எண்ணெதான வுட்டீங்க?" என்றாள். "இதுக்கா நாலு மாசம்?"

தை மாதத்து முதல் காதுகுத்து காலை ஏழு மணிக்கு. தலைவர் சாமான்களையெல்லாம் முதல் நாளே வேனில் ஏற்றி மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் இறக்கிவிட்டிருந்தார். என் கிட்டாரும் அங்கேதான் குளிர்ந்து கிடந்தது. காலையில் போய் மாட்டினேன். கம்பியைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. குமிழைக் கொஞ்சம் திருகினேன். ஒன்றும் இல்லை. முழுவதும் திருகி வைத்தேன். கரகரப்புகூட இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுபத்தேழு மார்கழியைப் பார்த்தவன் நான். ஒவ்வொரு மார்கழியிலும், தையிலும், என் வீட்டில், என் கண் முன்னால், தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளை மெழுகாக உறைந்துபோகும். தலைக்குத் தேய்க்க வேண்டுமென்றால் அரை மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். வைப்பதே நான்தான். அந்த எண்ணெய் ஒரு குமிழுக்குள்ளும் உறையும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பி.யு.சி.யில் பௌதிகம் எடுத்தவன்.

ஒன்றரை மணி நேரம் ஊமைக் கிட்டாரை வாசித்தேன். கையை அசைத்தேன், தலையை ஆட்டினேன். வீடியோவில் பார்த்தவர்கள் பிரமாதமாக இருந்தது என்றார்கள். அதே வீடியோக்காரர் ஹாலஜன் விளக்கை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். குமிழின் பக்கம் லேசாகச் சூடு ஏறியது. நான் அதைக் கவனிக்கவில்லை. உப்பள முதலாளியின் தட்டுகள் வாசலில் நுழைந்துகொண்டிருந்தன.

மைக்கில் அவர் பெயரின் முதல் எழுத்தைச் சொல்லும்போது எண்ணெய் உருகியது. குமிழோ முழு அளவில் நின்றது. கூரைத் தகரத்தில் கல்மழை விழுந்ததுபோல என் கிட்டார் மண்டபத்தை நிரப்பியது. நான் பதறிக் குமிழைத் திருகினேன். உருகியும் உருகாமலும் இருந்த எண்ணெயில் அது ஒரு தடவை கேட்டது, ஒரு தடவை கேட்கவில்லை. அணைந்தது, அலறியது, அணைந்தது. எல்லாம் அடங்கியபோது அறிவிப்பு முடிந்திருந்தது. அந்த மனிதரின் பெயரை அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தட்டு அன்றைக்கு நாற்பத்தெட்டு. ஒன்று கூட்டியிருந்தார், பாவம்.

"போன வாட்டி பேராவது கேட்டுச்சி" என்று தலைவரிடம் கத்தினார். "இந்த வாட்டி அதயும் முழுங்கிட்டான்!"

தலைவர் இரண்டாம், மூன்றாம் முறையாகச் சொன்னார். நான்காம் முறை சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரைட்டரே, வயசுக்கு மரியாதை குடுத்துதான் சொல்றேன். மாசியில ஒரு காதுகுத்து இருக்குது. அதே சொந்தக்காரங்கதான். அது கடைசி. அன்னிக்கி ஒரு சத்தம் வந்துச்சின்னா, நாற்காலிய நான் வேன்ல ஏத்த மாட்டேன்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பாய் ஒருவர் டி.வி., டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பதினேழு வருடம் அதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். என் வீட்டிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு. ஐந்து மாதமாக அங்கே போகாததற்குக் காரணம் அந்தத் தூரம் இல்லை. படித்தவன் ஒரு குமிழுக்காக இன்னொருவரிடம் போவதா என்ற கௌரவம்தான். மறுநாளே போனேன்.

பாய் குமிழைக் கழற்றினார். மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார்.

"சார், இதுல இன்னா ஊத்துனீங்க?"

"தேங்காய் எண்ணெய்."

"கடுகு போடலியா? கறிவேப்பில?"

"பாய், கரகரப்பு போகணும்னுதான்..."

"போயிருக்குமே. ஒரு நாளு போயிருக்கும்." சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நம்ம ஊர்ல பத்துல எட்டு ரேடியோ இப்படித்தான் வருது சார். ஒரு பொம்பள ரேடியோவத் திறந்தா உள்ள தாளிச்ச வாசன. உப்பளத்துக்காரங்க நீங்கல்லாம் எண்ணெய வுட்டா யமனே திரும்பிப் போயிடுவான்னு நம்பறீங்க."

கண்ட்ரோலை வெளியே எடுக்க கிட்டாரின் வயிற்றில் உள்ள வட்ட ஓட்டை வழியாகக் கையை விட வேண்டும். கம்பிகளைத் தளர்த்தினோம். பாயின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. வளைகுடாவின் பதினேழு வருட பிரியாணி அந்தக் கையை அதற்கு மேல் உள்ளே விடவில்லை. எலும்பும் தோலுமான என் கை போனது. அவர் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை உள்ளே காட்டி வழி சொன்னார். வெளியே மரையை அவர் தளர்த்த, உள்ளே நான் பிடித்துக்கொண்டேன். கண்ட்ரோலோடு சேர்த்து உள்ளிருந்து கம்பி மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகள் மூன்றும் காய்ந்த கரப்பான் ஒன்றும் வந்தன. அந்த மூன்று வில்லைகளையும் திருடிவிட்டதாக நான் பேடு வாசிப்பவரைச் சந்தேகித்திருந்தேன். ஒன்றரை வருடம்.

பாய் கண்ட்ரோலின் தகர மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே குதிரை லாடம் மாதிரி ஒரு கறுப்புப் பாதை. அதன் மேல் உரசிக்கொண்டு போகும் ஒரு சின்னத் தகட்டு முள். அவ்வளவுதான் யந்திரம். பாதை முழுவதும் கறுப்புச் சேறு.

"பாருங்க. உப்புக் காத்துல பூத்த தூசி. அது மேல உங்க எண்ணெ. ரெண்டும் சேந்து சேறு. முள்ளு சேத்துல நடந்தா கரகரங்காம இன்னா பண்ணும்? குளிருல சேறு கல்லாச்சி, முள்ளு மேல தூக்கிடுச்சி. சத்தம் எங்கிருந்து வரும்?"

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுச் சேற்றைத் துடைத்தார். ஏழு பஞ்சு கறுத்தது, எட்டாவது வெள்ளையாகவே வந்தது. பாதையின் நடுவில் முள் உரசி உரசி ஒரு வெளுத்த கோடு விழுந்திருந்தது. என் ஒன்பதாயிரத்து எழுபத்திரண்டு திருகல் அது. குத்தூசியால் முள்ளை மயிரிழை நகர்த்தி, தேயாத இடத்தில் நடக்கும்படி வளைத்துவிட்டார். மூடியைப் பொருத்தினார். அலமாரியிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்துவந்தார். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்ததில் கடைசி டப்பா. எண்ணெய் இல்லை, அடித்தால் அழுக்கைக் கரைத்துவிட்டு ஆவியாகிவிடும் என்று எனக்கு நிதானமாகச் சொன்னார், குழந்தைக்குச் சொல்வதுபோல. கண்ட்ரோலின் மூன்று கால்களுக்கு மேலே இருந்த இடுக்கில் ஒரே ஒரு அடி.

"இப்போ இந்த முனையில இருந்து அந்த முனைக்குத் திருகுங்க. ஒரு ஐம்பது நூறு வாட்டி."

"ஐம்பதா, நூறா?"

"குத்துமதிப்பா சார்."

"ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையில ஐம்பது இருக்கு பாய்."

"யா அல்லா. நூறு. சரியா நூறு. போதுமா?"

திருகினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வியாதிக்கு ஒரு வேலை கிடைத்தது. பாய் கடைக்கு வந்த ஒரு மிக்ஸியைப் பார்த்து அனுப்பினார், லுங்கியை இறுக்கிக் கட்டினார், ஒரு டீ குடித்தார். நான் எழுபத்தொன்றில் இருந்தேன். நூறு முடிந்ததும் மறுபடி கையை உள்ளே விட்டுப் பொருத்தினோம். சைக்கிள் டியூபில் ஒரு சின்ன வளையம் வெட்டி, தூசி இறங்காமல் இருக்கத் தண்டைச் சுற்றிக் குமிழுக்கு அடியில் போட்டார். ஆம்ப்ளிஃபயரில் மாட்டித் திருகினேன். கரகரப்பு இல்லை. வெயிலில் வைத்துத் திருகினேன். இல்லை. மறுநாள் விடியற்காலைக் குளிரில் திருகினேன். இல்லை. அனுபவப்பட்டவன் என்பதால் 'குணமாகிவிட்டது' என்று நோட்டில் எழுதவில்லை.

மாசிக் காதுகுத்து வந்தது. என் நாற்காலி வேனில் ஏறியது. முப்பதாவது அறிவிப்புவரை குமிழ் வாயைத் திறக்கவில்லை. தலைவர் ஒவ்வொரு பெயருக்கும் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் இருபத்தாறுக்குப் பக்கத்திலேயே இருந்ததாக எனக்குத் தோன்றியது.

முப்பத்தொன்றாவதாக உப்பள முதலாளி நுழைந்தார். அன்றைக்கு வாசலிலேயே நின்று, ஒவ்வொரு தட்டையும் தொட்டுத் தொட்டு உள்ளே அனுப்பினார். நானும் எண்ணினேன். ஐம்பத்தொன்று. தனித் தேங்காய் வைத்த தட்டு ஒன்றுகூட இல்லை. பெயர் வந்தது, இறக்கினேன். "ஐம்பத்தொரு தட்டு!" ஏற்றினேன். ஒரு சிறு முணுமுணுப்பும் இல்லாமல் பாட்டு எழுந்து வந்தது. மண்டபம் மொத்தமும் என்னைப் பார்த்தது. முதல் வரிசைக் கிழவி உரக்கச் சொன்னாள். "ரைட்டரு ஒத்துக்கிட்டாருடி."

பாட்டு முடிந்ததும் உப்பள முதலாளி மேடைக்கே ஏறி வந்துவிட்டார். அடிக்கத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"எண்ணுனீங்களா, ரைட்டரே?"

"எண்ணினேன். ஐம்பத்தொன்று."

"பாத்தியா!" என்றார் தலைவரிடம், ஏதோ தலைவர்தான் பொய் சொல்லிப் பிடிபட்டது மாதிரி. பிறகு என் காதருகில் குனிந்தார். "அடுத்து என் மச்சான் வர்றான், வானூர் பக்கத்துல இருந்து. நூத்தியொண்ணாம். எண்ணுங்க. கொறஞ்சா அந்தச் சவுண்டு வுடுங்க."

"அது ரிப்பேர் பண்ணியாச்சுங்களே."

"இன்னாது?"

"வால்யூம் கண்ட்ரோல். சரி பண்ணியாச்சு. சத்தம் வராது."

அவர் முகம் விழுந்துவிட்டது. "யாரு பண்ணச் சொன்னது?"

நான் தலைவரைக் காட்டினேன். நாகரிகமாக, கண்ணால்தான்.

"உன் பொட்டியில இல்லியாபா அந்தச் சவுண்டு?" என்று தலைவரைப் பிடித்துக்கொண்டார். "நூறு வாத்தியம் இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றியே?"

தலைவர் அவசரமாகத் தேடினார். நூற்று இருபத்தாறில் ஹெலிகாப்டர் இருந்தது. அதற்கு முந்தியதில் டெலிபோன் மணி. பறவை இருந்தது, கைதட்டல் இருந்தது, துப்பாக்கிகூட இருந்தது. தொண்டையைச் செருமி 'அப்படியா?' என்று கேட்கும் சத்தம் எதிலும் இல்லை. இதற்குள் வாசலில் மச்சானின் தட்டுகள் நுழைய ஆரம்பித்துவிட்டன. தலைவர் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ரைட்டரே. ஏதாவது பண்ணுங்க."

எனக்கு அந்த மச்சானோடு எந்த விரோதமும் இல்லை. ஆனால் தட்டுகள் எண்பத்தெட்டுதான் வந்தன. வாசலில் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். எண்பத்தெட்டே. மைக்கில் கணீரென்று சொன்னார்கள். "நூற்றியொரு தட்டு!"

குமிழைப் பட்டுப்போல ஏற்றினேன். பிறகு கட்டைவிரல் நகத்தைத் தடித்த ஆறாவது கம்பியின் மேல், அதைச் சுற்றியிருக்கும் சுருளுக்குக் குறுக்கே, மெதுவாக இழுத்தேன். கர்ர்ர். குமிழ் கெட்டிருந்த காலத்தில்கூட அவ்வளவு தெளிவாக வந்ததில்லை. ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குறைந்தது பதின்மூன்று தட்டு. பதின்மூன்று தடவை இழுத்தேன். ஐந்தாவதிலிருந்து கூட்டமும் சேர்ந்து எண்ணியது.

மச்சான் அன்றைக்குச் சாப்பிடாமல் போனார் என்று கேள்வி. அடுத்த விசேஷத்திலிருந்து தட்டுக்காரர்கள் வாசலில் நுழையும் முன்பே என்னிடம் ஆள் அனுப்பிவிடுகிறார்கள். "முப்பத்தொண்ணுங்க, ஒரு தட்டு வண்டியில வர்றுது, கொஞ்சம் பொறுங்க." இடது ஓரத்தில் இருந்த என் நாற்காலியைத் தலைவர் மேடையின் முன்னால், வாசல் நேராகத் தெரியும் இடத்துக்கு மாற்றிப் போட்டிருக்கிறார். இப்போது அது கை வைத்த நாற்காலி. இருபத்தாறு பற்றி ஐந்தாம் முறை பேச்சு வரவில்லை. என் வாசிப்பு எப்படி இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

வழியில் பாயைப் பார்த்தால் விசாரிப்பார். "கண்ட்ரோல் எப்படி சார் இருக்குது? கரகரப்பு வரலியே?"

"கண்ட்ரோல்ல வரல பாய்."

அந்த வலது கட்டைவிரல் நகத்தை நான் இப்போது வெட்டுவதில்லை. சாப்பிட உட்காரும்போது மனைவி அதைப் பார்க்கிறாள். பெருமூச்சு நாள் ஒன்றுக்குப் பதினெட்டாகியிருக்கிறது.